என் பெயரில் போன கோழி ரத்தம்

என் பெயர் பூங்கோதை. எழுதப் படிக்கத் தெரியாது; சம்பளப் பட்டியலில் கட்டை விரலை உருட்டிய கைதான் இது. ஆனாலும் ஒரு காலத்தில் என் ரத்தத்தைப் பற்றிச் சர்க்கார் தாளில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்த வரி எப்படி வந்தது என்று சொல்கிறேன். இந்திராணி எழுதிக்கொள்கிறாள். அவள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், அதனால் இடையிடையே திருத்தப் பார்ப்பாள். திருத்தினால் எழுந்து போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

நான் பரமக்குடிப் பக்கத்துக்காரி. கல்யாணமான மறுமாதமே மதராஸில் கப்பல் ஏறினேன். நான்கு நாள் கடல். நான்கு நாளும் வாந்தி. மாயாபந்தரிலிருந்து படகில் இரண்டு மணி நேரம் போனால் உப்பங்கழி ஓரமாக மரம் வெட்டும் கேம்ப் ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் ஜம்புலிங்கம் அங்கே மேஸ்திரி. முப்பத்தைந்து ஆள், இரண்டு யானை. ஆட்களுக்குச் சமைக்க என்னை வைத்தார்கள். யானைகளுக்கு வேகவைக்க வேறொருவன் இருந்தான். அவன் சமையல்தான் ருசி என்று ஆட்கள் பேசிக்கொண்டது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

வந்த மூன்றாவது வாரம் காய்ச்சல். முதலில் குளிர், கட்டில் கால்கள் தரையில் தாளம் போட்டன. அப்புறம் உடம்பே அடுப்பாகிவிட்டது. கடைசியில் வியர்வை; பாயைப் பிழியலாம். மறுநாள் ஒன்றுமே இல்லை, எழுந்து முப்பத்தைந்து பேருக்கும் சோறு வடித்தேன். அதற்கு அடுத்த நாள் அதே நேரத்துக்கு அதே குளிர். உச்சி வெயில் தாண்டினால் வருகிறது என்று கண்டுகொண்டு, அதற்குள் உலையை இறக்கிவிடுவேன். "இருங்க, வடிச்சிட்டு வந்து நடுங்குறேன்" என்று வீட்டுக்காரரிடம் நான் சொன்னதைக் கேம்பில் பல வருஷம் சொல்லிச் சிரித்தார்கள்.

முதல் மூன்று வருஷத்தில் அப்படி எத்தனை தடவை விழுந்தேன் என்று எண்ணவில்லை. நடுவில் வயிறு பெருத்தது. இடது பக்கம் மட்டும் பெருத்தது. நான் பிள்ளை என்றே நினைத்தேன். வீட்டுக்காரர் ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர் என்று முடிவுகூடச் செய்துவிட்டார். மாயாபந்தர் கம்பவுண்டர் அழுத்திப் பார்த்து, "இது மண்ணீரல்மா. மலேரியாவோட சண்டை போட்டு வீங்கியிருக்கு" என்றார். மண்ணீரலுக்குப் பெயர் வைத்த தாய் தகப்பன் இந்தத் தீவிலேயே நாங்கள் இரண்டு பேர்தான்.

நான்காவது வருஷம் ஒரு தடவை வந்தது, அதுவும் லேசாக. அப்புறம் இல்லவே இல்லை. எனக்குத் தலை கனத்துவிட்டது. கேம்புக்குப் புதிதாக வருகிறவன் எவனானாலும் மூன்றாவது வாரம் விழுவான். நான் கஞ்சி கொண்டுபோய் வைத்துவிட்டு, அவன் தலைமாட்டில் நின்று என் பெருமையைப் பேசுவேன்.

"இது தீவு போடுற சலாம்டா தம்பி. நாலு சலாம் வாங்கிட்டா அப்புறம் அதுவே உன்னப் பாத்து ஒதுங்கும். என்னப் பாரு. என்னக் கடிச்சா கொசுதான் சாகும்."

காய்ச்சலில் கிடப்பவன் என்ன பதில் சொல்வான்? தலை ஆடும். நடுக்கத்தில் ஆடிய தலையையெல்லாம் என் பேச்சை ஒப்புக்கொண்ட தலை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் மலேரியா பாபு வர ஆரம்பித்தார். பெயர் உதயசூரியன். கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்த காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். அவர் தமிழில் கால்வாசி இந்தி கலந்திருக்கும். கையில் ஒரு தகரப் பெட்டி. அதில் கண்ணாடித் துண்டுகள், ஊசி, பஞ்சு, ஸ்பிரிட். காய்ச்சல் கண்டவன் விரலில் குத்தி ஒரு துளி எடுத்து, கண்ணாடியில் தடவிக் காயவைப்பார். வெள்ளை மாத்திரை நான்கை விழுங்க வைப்பார். கதவில் தேதி எழுதிவிட்டுப் படகு ஏறுவார். கேம்பில் காய்ச்சல் அதிகமானால் காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் மாத்திரை உண்டு. என் பங்கை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள்வேன். படகு திரும்பியதும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் வாழைத்தூரில் துப்புவேன். அந்த வாழைக்குக் கடைசிவரை மலேரியா வரவில்லை.

ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால், "எனக்குத்தான் காய்ச்சலே வராதே" என்பேன். உண்மையை இப்போது சொல்லலாம், ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. மாத்திரை கசக்கும். அதைவிட, எனக்கு ஊசிக்குப் பயம். கோழியின் கழுத்தை யோசிக்காமல் திருகுகிற கை, அந்தச் சின்ன ஊசியைக் கண்டால் வேர்த்துப்போகும். பயந்தாங்கொள்ளி என்று ஆட்கள் சொல்வதைவிட, காய்ச்சலை ஜெயித்தவள் என்று நானே சொல்லிக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

மதராஸ் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றினார்களே, அதற்கு முந்தின வருஷம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. கேம்பில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்ததால், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோர் ரத்தத்தையும் எடுத்துவரும்படி உதயசூரியனுக்கு உத்தரவு. அன்றைக்குத்தான் என் நாத்தனார் நீலாவதி வந்து சேருகிற நாள்.

நீலாவதி என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. எங்கள் மரம் எந்த ஊருக்கு மிதந்து போகுமோ, அந்தப் போர்ட் பிளேரின் சாத்தம் மரமில்லில் வேலை பார்த்த சண்முகத்துக்கு அவளை ஊரிலிருந்து வரவழைத்துக் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்தால் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும். அவளுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. பிறந்த வீடு என்றால் அண்ணன் வீடு; அண்ணன் வீடு என்றால் இந்தக் கேம்ப்.

"போர்ட் பிளேர்லயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அங்கயே இருக்கட்டுமே" என்றார் வீட்டுக்காரர்.

"ஆஸ்பத்திரி பிரசவம் பாக்கும். நாக்குக்கு ருசியா யாரு பொங்கிப் போடுவா?" என்றேன். என் சமையலின் ருசி பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

எனக்கு அதுவரை பிள்ளை இல்லை, அந்த மண்ணீரலோடு சரி. முதல் தடவையாக எங்கள் வீட்டில் ஒரு குழந்தை அழப் போகிறது. அது என் கையில் பிறந்தது என்று நான் சொல்லிக்கொள்ள வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அதற்காகத்தான் அவளை இழுத்துவந்தேன்.

அவளுக்காகக் கோழி அறுத்துக்கொண்டிருந்தபோது உதயசூரியன் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஜல்தி! தண்ணி வத்துது. படகு சேத்துல உக்காந்துரும். உங்லி, விரலை நீட்டுங்க."

"எனக்கென்ன காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லாதவங்களுக்கும் ஆர்டர். எல்லாரும் குடுத்தாச்சு. நீங்க ஒரு ஆள்தான் பாக்கி."

கையைப் பின்னால் கொண்டுபோனேன். பெருவிரலில் கோழி ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்த நாட்கள் ரொம்பக் குறைவு. அதில் ஒன்று இப்படிப் போயிற்று.

"ஐயோ பாபு, இப்பத்தான் அரிவாமணையில விரலை அறுத்துக்கிட்டேன். அதுக்கு மேல ஒரு குத்தா? ரத்தம்தானே வேணும், இந்தாங்க."

அவர் ஒரு தரம் என் முகத்தைப் பார்த்தார், ஒரு தரம் உப்பங்கழியைப் பார்த்தார். தண்ணீர் நிஜமாகவே வற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியை நீட்டினார்.

"பஸ், பஸ். ஒரு துளி போதும். ஒரு டம்ளர் ரத்தம் தரீங்க" என்றார்.

தடவினார், என் பெயரை எழுதினார், ஓடினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்குக் குழம்பில் உப்பே போடவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

சாயங்காலம் நீலாவதி வந்தாள். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். அவள் நடந்தால் கேம்புக்கே கேட்கும். யானைகூடக் காதை விரித்துப் பார்த்தது. அவளுக்கு என்று புதுக் கொசுவலை கட்டிவைத்திருந்தேன். ஆனால் பொழுது சாயும் நேரம் உள்ளே புழுங்கும். கழியோரத்தில் காற்று வரும். அவள் வெளியே வந்து என் பக்கத்தில் உட்காருவாள்.

"கொசு கடிக்குது மதினி. உள்ள போயிரட்டுமா?"

"உக்காருடி. என் பக்கத்துல இருந்தா எல்லாம் என்னத்தான் கடிக்கும். என்னக் கடிச்சா அது சாகும். உனக்கென்ன பயம்?"

இதைத் தினமும் சொன்னேன். இருபத்திரண்டு நாள் சொன்னேன்.

இருபத்துமூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்குள்ளிருந்து வளையல் சத்தம் கேட்டது. நடக்கிற சத்தம் இல்லை. நிற்காமல் ஒரே மாதிரி, கிணுகிணு என்று. போய்ப் பார்த்தால் அவள் சுருண்டு கிடந்து நடுங்குகிறாள். இரண்டு வளையல் அதற்குள் உடைந்திருந்தது.

நான் கலங்கவில்லை. கலங்கியிருக்க வேண்டும். போர்வைமேல் போர்வையாகப் போட்டு, "ஒண்ணுமில்லடி, தீவு சலாம் போடுது" என்றேன். மறுநாள் எழுந்து உட்கார்ந்தாள். "பாத்தியா?" என்றேன். அதற்கு அடுத்த நாள் காலையிலேயே மறுபடியும் வளையல் சத்தம். இந்தத் தடவை நடுக்கம் நின்றபிறகு அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"அசையல மதினி. நேத்து ராத்திரியிலேருந்து அசையல."

நான் தொட்டுக்கொண்டே இருந்தேன். கல் மாதிரி இருந்தது. பத்து வருஷமாக எல்லோர் தலைமாட்டிலும் நின்று பெருமை பேசிய நான் அன்றைக்கு அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து உதயசூரியன் வந்தார். கடல் சரியில்லாமல் பத்து நாள் தாமதம். வாசலிலேயே சிரித்துக்கொண்டு ஒரு தாளை விரித்தார்.

"அக்கா, லேப் பாபு உங்களுக்கு எத்தனை றெக்கைன்னு கேட்டு வரச் சொன்னாரு. கேளுங்க, படிக்கிறேன். 'பூங்கோதை, கேம்ப் சமையல். இது கோழி ரத்தம். மனித ரத்தம் எடுத்து அனுப்பவும்.'"

ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் சிரிக்காததைக் கண்டு அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

"எத்தனை நாளா?"

"மூணு நாளு."

"இவங்க பக்கத்துல யாரு இருந்தா?"

"நான்தான்."

"மத்த எல்லார் ரத்தமும் சுத்தம் அக்கா. காய்ச்சல்ல கிடந்த ரெண்டு பேரும் மாத்திரை சாப்பிட்டு சரியாயிட்டாங்க. உங்களுது மட்டும்தான் தெரியாது." அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், அது எனக்கு வரும். "உங்லி நீட்டுங்க" என்றார், அவ்வளவுதான்.

நீட்டினேன். ஊசி தொட்டது தெரியும். அப்புறம் கண் திறந்தபோது நான் தரையில் கிடந்தேன். மரத்தைத் தோளில் தூக்குகிற நான்கு ஆட்கள் எனக்கு முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலில் கிடந்த நீலாவதி எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறாள். கேம்பின் வீராங்கனை நான்.

அன்றைக்கே படகில் பாயை விரித்து மாயாபந்தர் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோனோம். டாக்டர் வயிற்றில் குழல் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "இருக்கு. ஆனா சோர்ந்து போயிருக்கு. காய்ச்சல் இறங்கணும்" என்றார். எத்தனை நாளில் என்று அவர் சொல்லவில்லை, கேட்க எங்களுக்கும் தைரியமில்லை.

மறுநாள் ரத்தம் பார்க்கிற அறைக்கு உதயசூரியன் என்னைக் கூட்டிப்போனார். அங்கே இருந்தவர் பெயர் கோவிந்தராஜ். என்னை ஏற இறங்கப் பார்த்தார். றெக்கையைத் தேடினார் போலிருக்கிறது. ஒரு குழாயில் கண்ணை வைக்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தேன்.

"முதல்ல பாக்குறது உங்க பேர்ல வந்த கோழி. வட்டம் நீளமா இருக்கா? ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கொட்டை மாதிரி கறுப்பா இருக்கா? மனுஷ ரத்தத்துல அந்தக் கொட்டை கிடையாது." கண்ணாடியை மாற்றினார். "இது நேத்து எடுத்தது, நிஜமாவே உங்களுது. கொட்டை இல்லை. ஆனா அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, மோதிரம் மாதிரி தெரியுதா?"

தெரிந்தது. கல் வைத்த மோதிரம் போல, ரொம்ப அழகாக.

"அதுதான் மலேரியாப் பூச்சி."

"எனக்குத்தான் காய்ச்சலே இல்லையே!" அந்த இடத்திலும் விடவில்லை நான்.

அவர் கோபப்படாமல் சொன்னார். பூச்சி கொசுவிலிருந்து இறங்கியதும் ஈரலில் போய் ஒளியும். கொஞ்ச நாள் கழித்து ரத்தத்துக்கு வந்து சிவப்பு அணுவுக்குள் புகுந்து, தின்று, பெருகி, எல்லாம் ஒரே நேரத்தில் உடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த நேரம்தான் குளிரும் காய்ச்சலும். பூச்சி பிடித்த அணுக்களை மண்ணீரல் சல்லடை மாதிரி பிடித்து அழிக்கும். வேலை அதிகமானால் வீங்கும். உடம்பு சும்மா இருக்காது, காவல்காரர்களைத் தயார் செய்யும். முதல் தடவை அவர்களுக்குத் திருடன் முகம் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் திருடன் சட்டையை மாற்றிவிடுவான். திரும்பத் திரும்ப விழுந்து எழுந்தால்தான் எல்லாச் சட்டையும் அடையாளம் தெரியும்.

"உங்க காவல்காரங்க பழசாயிட்டாங்கம்மா. ஆனா பூச்சியைத் துரத்தலை, அடக்கி வச்சிருக்காங்க. நாலு பூச்சி உள்ள இருந்துக்கோ, கலாட்டா பண்ணாதேன்னு ஒரு சமாதானம். அதனால உங்களுக்குக் காய்ச்சல் இல்லை. அந்தச் சமாதானம் கொசுவுக்குத் தெரியாதே? உங்ககிட்ட குடிச்சதை எடுத்துட்டுப் போய்ப் பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கொடுக்கும். அந்தப் பொண்ணு உடம்புல காவலே கிடையாது. அதுலயும் கர்ப்பம். பூச்சி நஞ்சுக்கொடியில போய்ச் சேந்துக்கும். பிள்ளைக்குப் போற சாப்பாட்டை வழியில மறிக்கும்."

"என்கிட்டேருந்துதான் வந்துச்சுன்னு சத்தியமா சொல்வீங்களா? யானைக்காரனுக்கு இருந்திருந்தா?"

"சத்தியம் பண்ண முடியாது. அன்னிக்கே உங்க ரத்தம் வந்திருந்தா, மாத்திரை குடுத்திருப்போம். அது மட்டும் நிச்சயம்."

என்னைக் கடித்த கொசு சாகவில்லை. நல்ல ஆரோக்கியமாக, என் மடியிலிருந்து எழுந்து, நான் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தவளிடம் போயிருக்கிறது.

திரும்பி வந்து நீலாவதி கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, என் மாத்திரையை விழுங்கினேன். "நாக்கத் தூக்குங்க அக்கா" என்றார் உதயசூரியன். தூக்கிக் காட்டினேன். "வாழைத்தூர்ல வெள்ளையா கிடந்ததை நான் பாக்கலைன்னு நெனச்சீங்களா? அந்தத் தார்ல ஒரு சீப்பு நானும் தின்னிருக்கேன். கசக்கலை."

நீலாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோழியையும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "என் கையை எடுத்து வயித்துல வைங்க மதினி, எனக்குத் தூக்க முடியல" என்றாள். வைத்தேன். அப்படியே என் கையையும் வைத்துக்கொண்டேன். வைத்த கையை எடுக்காமல் இருந்ததுதான் நான் அந்த மூன்று நாளில் செய்த ஒரே உருப்படியான காரியம். எனக்குச் சோறுகூட வீட்டுக்காரர்தான் ஊட்டினார்.

மூன்றாம் நாள் காலையில் உள்ளங்கைக்கு அடியில் ஒரு முட்டு. நான் கத்திய கத்தில் நர்ஸ் ஓடிவந்தாள், டாக்டர் ஓடிவந்தார், பக்கத்து வார்டில் கால் ஒடிந்து கிடந்தவனும் எழுந்துவிட்டான் என்று சொல்வார்கள். அதை நான் நம்பவில்லை.

குழந்தை ஒரு மாதம் முந்திப் பிறந்தது. பெண். தராசில் போட்டால் ஒரு நல்ல சேவலைவிடக் குறைச்சல். என் கையில் பிறக்கவில்லை, ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. ஒரு மாதம் பஞ்சில் சுற்றிவைத்துத் தேற்றினார்கள். உடையாமல் தப்பிய வளையல் பதினொன்றையும் நீலாவதி கழற்றி, உதயசூரியன் வீட்டுப் பெண்ணுக்கு என்று கொடுத்தாள். எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. சாத்தம் போகிற படகில் ஏறும்போது மட்டும், "அடுத்த பிரசவத்துக்கும் வரேன் மதினி. அதுக்குள்ள கோழியெல்லாத்தையும் வித்துருங்க" என்றாள். நான் படகுத்துறையில் உட்கார்ந்து அழுதேன். சிரித்தேன் என்றுதான் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

இதோடு புத்தி வந்தது என்று நினைக்க வேண்டாம். பிறகு எனக்கும் ஒரு பையன் பிறந்தான். நடுவில் நான்கு வருஷம் பரமக்குடியில் போய் இருந்துவிட்டுத் திரும்பினோம். கப்பலில் கூட வந்த பெண்ணிடம், "எனக்கெல்லாம் வராது, என் உடம்புல காவல் இருக்கு" என்று கோவிந்தராஜ் மாதிரியே பேசிக்கொண்டு வந்தேன். மூன்றாவது வாரம் கட்டில் தாளம் போட்டது. "நாலு வருஷம் வேலையில்லாம இருந்தா காவல்காரன் திருடன் மூஞ்சிய மறந்துர மாட்டானா அக்கா?" என்றார் உதயசூரியன். அந்தப் புதுப் பெண்தான் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். தலைமாட்டில் நின்று ஒன்றும் பேசாமல் போனாள். நல்ல பெண்.

சேவலைவிடக் குறைந்த எடையில் பிறந்தவள்தான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறாள். எடையை மட்டும் எழுத மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நான் சொல்வதை நிறுத்திவிட்டேன், எழுதினாள். ஆஸ்பத்திரி லேபில் அதே குழாயில் கண்ணை வைக்கிற வேலை அவளுக்கு. எனக்கு உடம்பு கொஞ்சம் சுட்டால் போதும், ஊசியோடு வந்துவிடுவாள். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு விரலை நீட்டுவேன். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான்: "அத்தை, இன்னைக்குக் கோழி அறுத்தீங்களா?"

கேட்கட்டும். நானும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொல்கிறேன். அந்தக் கோழியைக் குறை சொல்லாதே. அன்றைக்கு என் விரலில் இருந்ததில் சுத்தமான ரத்தம் அதனுடையது மட்டும்தான்.